1982ஆம் ஆண்டின் அறிவியல் புனைவுப் படங்கள்: வாசிகசாலையில் எவற்றைத் திரையிடலாம்?

கொக்குவில் வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலை மண்டபத்தில், உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாணவர்களுக்காக, நான்கு சனிக்கிழமைகளில் நான்கு படங்களைத் திரையிடுவதற்கு நிர்வாகசபை இணங்கியிருக்கிறது. அறிவியல் புனைவுப் படங்களாக இருக்கவேண்டும் என்பது மாணவர்களின் விருப்பம். அவை அனைத்தும் ஒரே ஆண்டில் வெளிவந்தவையாக இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். உலகின் தலைசிறந்த படங்கள் என்று யாரோ தொகுத்த பட்டியலிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிக் காட்டினால், ஒவ்வொரு படமும் தன் காலத்திலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டுத் தனித்து நின்றுவிடுகிறது. ஒரே ஆண்டின் படங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது, அக்காலத்துக் கலைஞர்கள் எவற்றுக்கு அஞ்சினார்கள், எவற்றை நம்பினார்கள் என்பது பார்ப்பவருக்குத் தானாகவே பிடிபடும் என்று நினைக்கிறேன்.

1982ஆம் ஆண்டைத் தெரிவுசெய்திருக்கிறேன். அவ்வாண்டு யூன் 4ஆம் திகதிக்கும் யூலை 9ஆம் திகதிக்கும் இடைப்பட்ட ஐந்து வாரங்களுக்குள் அமெரிக்காவில் வெளியான படங்களைப் பாருங்கள்: யூன் 4இல் ‘ஸ்டார் ட்ரெக் 2: த ரத் ஒஃப் கான்’, யூன் 11இல் ‘ஈ.ரி.’, யூன் 25இல் ‘பிளேட் ரன்னர்’, ‘த திங்’ ஆகிய இரண்டும், யூலை 9இல் ‘ட்ரொன்’. ஐந்து படங்கள் இருக்கின்றன, எனக்கோ நான்கு சனிக்கிழமைகள்தான் இருக்கின்றன. எதை விடுவது, எந்த ஒழுங்கில் காட்டுவது என்பது முதற் கேள்வி. ‘பிளேட் ரன்னர்’ படத்துக்குப் பல வடிவங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு எது பொருத்தமானது என்பது இரண்டாவது. இவற்றுள் எதற்கும் தமிழ் உபதலைப்பு எனக்குக் கிடைக்கவில்லை. ஆங்கில உபதலைப்புடன்தான் காட்டப்போகிறோம் என்பதையும், மாணவர்களுட் பலர் தம்பி தங்கையரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்பதையும் மனத்திற்கொண்டு பதில் தந்தால் உதவியாக இருக்கும்.

பழைய றீல்

தம்பி, ஆண்டைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். எதை விட்டாலும் யூன் 25ஆம் திகதியை விட்டுவிடாதீர்கள். அந்த ஒரே வெள்ளிக்கிழமை வெளியான இரண்டு படங்களும் அன்று தோற்றன. இன்றோ அவற்றின் சாயல் படாத அறிவியல் புனைவுப் படம் ஒன்றைக் காட்டுவது கடினம்.

தோல்வி என்று நான் சொல்வது மிகைப்படுத்தலன்று. ‘பிளேட் ரன்னர்’ ஏறத்தாழ 30 மில்லியன் டொலர் செலவில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் ஓடிய முதல் ஓட்டத்தில் அந்தச் செலவைக்கூட மீட்கவில்லை. 15 மில்லியன் டொலர் செலவான ‘த திங்’ அங்கே ஈட்டியது 20 மில்லியனுக்கும் சற்றுக் குறைவு; திரையரங்குகளின் பங்கும் விளம்பரச் செலவும் போனால் மிஞ்சுவது என்னவென்று யாரும் கணக்கிடலாம். இரண்டு வாரம் முந்தி வந்த ‘ஈ.ரி.’ அப்போது மக்களின் மனத்தைக் கொள்ளைகொண்டிருந்தது. வேற்றுக்கோளிலிருந்து வருபவர் நம்மோடு நட்பாகப் பழகுவார் என்று கண்ணீர் மல்க நம்பிவிட்டு வந்த அவையினர், வேற்றுக்கோள் உயிரி மனிதரின் உடலுக்குள் புகுந்து அவர்களைப் போலவே உருக்கொள்ளும் கதையை எப்படி ஏற்பார்கள்? இதிலுள்ள வேடிக்கை, ‘ஈ.ரி.’யையும் ‘த திங்’கையும் வெளியிட்டது யூனிவேர்சல் என்ற ஒரே கலையகம் என்பதுதான். தன் ஒரு கையால் ஏற்றிய விளக்கை மறு கையால் மூடிய கதையாக அது முடிந்தது.

‘பிளேட் ரன்னர்’ வடிவங்கள் பற்றிக் கேட்டீர்கள். 1982இல் திரையரங்குகளுக்கு வந்த வடிவத்தில் இரண்டு ஒட்டுவேலைகள் இருந்தன. முன்னோட்டத் திரையிடல்களில் பார்த்தவர்கள் கதை புரியவில்லை என்று முறையிட்டதால், கதாநாயகன் ஹரிசன் போர்ட்டின் குரலில் விளக்கவுரை ஒன்று படம் நெடுகச் சேர்க்கப்பட்டது. இருளிலும் மழையிலும் நடந்த கதையின் முடிவில், காதலர் இருவரும் பசுமையான மலைப்பாங்கினூடே காரில் செல்லும் மகிழ்ச்சியான காட்சி ஒன்றும் ஒட்டப்பட்டது. அதற்கான வான்வழிக் காட்சிகள், ஸ்ரான்லி குப்ரிக் தமது ‘த ஷைனிங்’ படத்துக்காக எடுத்து, பயன்படுத்தாமல் விட்டிருந்தவை. 1992இல் வந்த ‘இயக்குநர் வடிவம்’ விளக்கவுரையையும் அந்த முடிவையும் நீக்கியது. ஆனால் அதன் தயாரிப்பில் இயக்குநர் ரிட்லி ஸ்கொட்டுக்கு முழு அதிகாரம் இருக்கவில்லை. அவர் முழுச் சுதந்திரத்துடன் செப்பனிட்டது 2007இல் வெளியான ‘இறுதி வடிவம்’ மட்டுமே. மாணவர்களுக்கு அதையே காட்டுங்கள்.

படம் தொடங்கும்போது திரையில் வரும் திகதியைக் கவனிக்கச் சொல்லுங்கள்: 2019 நவம்பர், லொஸ் ஏஞ்சல்ஸ். அந்த மாணவர்கள் அந்த ஆண்டைத் தாண்டி வந்துவிட்டார்கள். பறக்கும் கார்களும் வேற்றுக்கோள்களிற் குடியேற்றமும் வரவில்லை என்று அவர்கள் சிரிக்கக்கூடும். விளம்பரப் பலகைகள் கட்டடத்தளவு பெருத்து மனிதரை விழுங்குவதையும், உங்கள் எதிரே இருப்பது மனிதரா இயந்திரமா என்று கேள்விகள் கேட்டுச் சோதிக்கவேண்டிய நிலையையும் பார்க்கும்போது அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்று பாருங்கள். மூல நாவலை 1968இல் எழுதிய பிலிப் கே. டிக், படத்தின் சில காட்சிகளை மாத்திரம் பார்த்து வியந்துவிட்டு, 1982 மார்ச் 2ஆம் திகதி, படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துபோனார்.

ஒரு காட்சியை மட்டும் குறிப்பிட்டுவிட்டு நிறுத்துகிறேன். நான்கு ஆண்டு ஆயுள் மட்டும் தரப்பட்ட செயற்கை மனிதன், கொட்டும் மழையில் கூரையின் மேல் இருந்தபடி, தான் கண்டவற்றையெல்லாம் சொல்லிவிட்டுத் தலை கவிழ்கிறான். அந்தப் பேச்சு முதலில் இதைவிட நீளமாக எழுதப்பட்டிருந்தது. அதில் நடித்த ரட்கர் ஹவர், படப்பிடிப்புக்கு முன்னர் தாமாகவே அதை வெட்டிச் சுருக்கி, மழையிற் கரையும் கண்ணீர் பற்றிய ஈற்றடியைச் சேர்த்தார். நடிகர் ஒருவர் வசனத்தைக் குறைக்கும்படி கேட்பது நமது சினிமாவில் எத்தனை முறை நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

கணிதவாத்தியார்

பழைய றீல் அவர்கள் சொன்னவற்றில் எனக்கு மாறுபாடில்லை. எனினும் பார்க்கப்போகிறவர்களுட் பாதிப்பேராவது கணிதப் பிரிவிலோ தொழில்நுட்பப் பிரிவிலோ பயின்றவர்களாக இருப்பார்கள் என்பதால், ‘ட்ரொன்’ படத்தைக் கைவிட்டுவிடக் கூடாது என்று வாதாட வந்திருக்கிறேன். கதை மெலிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணினிக்குள் இழுத்துக்கொள்ளப்பட்ட நிரலாளன் ஒருவன் அங்கே விளையாட்டுகளில் மோதி உயிர்தப்பும் கதையை ஒரு பந்தியில் எழுதி முடித்துவிடலாம். படத்தின் பெறுமதி அது செய்யப்பட்ட விதத்தில் இருக்கிறது.

அப்படத்தில் முழுவதும் கணினியால் உருவாக்கப்பட்ட காட்சிகள் 15 முதல் 20 நிமிடம் வரையே வருகின்றன. அவற்றைச் செய்ய நான்கு நிறுவனங்கள் தேவைப்பட்டன. பயன்பட்ட இயந்திரமொன்றின் நினைவகம் 2 மெகாபைற்று. இன்று ஒரு மாணவன் தன் கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதற்குள் அடங்காது. அந்த இயந்திரங்கள் அசையாப் படங்களை மட்டுமே வரையவல்லவையாக இருந்தபடியால், ஓர் ஊர்தி திரையில் ஓடவேண்டுமானால், ஒவ்வொரு சட்டகத்திலும் அது நிற்கும் இடத்தைக் குறிக்கும் மூன்று ஆள்கூறுகளையும், அது திரும்பியிருக்கும் திசையைக் குறிக்கும் மூன்று கோணங்களையும் ஒருவர் கையால் உட்செலுத்தவேண்டியிருந்தது. செக்கனுக்கு 24 சட்டகம் என்றால், நான்கு செக்கனுக்கு 96 சட்டகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு எண்கள் என்றால் மொத்தம் 576. ஒரு பொருள் திரையில் நான்கு செக்கன் நகர்வதற்கு இவ்வளவு. காவிகளையும் ஆள்கூற்றுத் தளத்தையும் எதற்காகப் படிக்கிறோம் என்று வகுப்பிற் கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

மிச்சக் காட்சிகளின் கதை இன்னும் விசித்திரமானது. நடிகர்களைக் கறுப்புப் பின்னணியில் நிறுத்தி, 65 மில்லிமீற்றர்ச் சுருளிற் கறுப்பு வெள்ளையாகப் படம்பிடித்து, ஒவ்வொரு சட்டகத்தையும் பெரிதாக்கிப் படத்தாளில் அச்சிட்டு, பின்னாலிருந்து ஒளி பாய்ச்சி நிறமூட்டியிருக்கிறார்கள். கணினிப் படம் என்று பேரெடுத்த அந்தப் படத்தின் பெரும்பகுதி கைவேலையே. அவ்வாறிருந்தும் அவ்வாண்டு காட்சிவிளைவுகளுக்கான ஒஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் ‘ட்ரொன்’ இடம்பெறவில்லை. கணினியைப் பயன்படுத்துவது ஏமாற்றுவேலை என்று அகடமியினர் அப்போது கருதியதாகப் படத்தின் இயக்குநர் ஸ்ரீவன் லிஸ்பேர்கர் பின்னாளிற் கூறினார். அதே படத்தில் வேலைசெய்த கென் பேர்லின், கணினி வரையும் பரப்புகள் வழுவழுவென்று இயந்திரத்தனமாக இருப்பதாற் சலிப்புற்று, மேகம், சலவைக்கல் போன்றவற்றின் ஒழுங்கற்ற தோற்றத்தைத் தரும் கணித முறையொன்றை அடுத்த ஆண்டிலேயே உருவாக்கினார். அந்த முறைக்காக அதே அகடமி 1997இல் அவருக்குத் தொழில்நுட்ப விருது வழங்கியது.

‘ஸ்டார் ட்ரெக் 2’ படத்தை முழுமையாகக் காட்டவேண்டியதில்லை என்பது என் எண்ணம். அது 1967இல் ஒளிபரப்பான தொலைக்காட்சி அத்தியாயமொன்றின் தொடர்ச்சி. பாத்திரங்களோடு முன்பழக்கம் இல்லாதவர்களுக்கு ஸ்பொக்கின் மரணம் மனத்தைத் தொடாது. ஆனால் அதில் வரும் ஒரு நிமிடக் காட்சியைத் தனியே எடுத்து ‘ட்ரொன்’ படத்துக்கு முன்னர் காட்டுங்கள். உயிரற்ற ஒரு கோளில் நெருப்பு அலையாகப் பரவி, மலைகளும் கடலும் பச்சை நிலமும் முளைப்பதைக் காட்டும் அந்தப் பகுதி, முழுநீளப் படமொன்றில் முற்றிலும் கணினியாலேயே ஆக்கப்பட்ட முதற் காட்சித்தொடர் என்று குறிப்பிடப்படுவது. நெருப்பைத் துணிக்கைகளின் கூட்டமாக வில்லியம் றீவ்ஸ் கணித்தார். மலைகளை, ஒரே வடிவம் சிறிது சிறிதாகத் திரும்பத் திரும்ப வரும் பின்ன வடிவியல் கொண்டு லொரன் கார்ப்பென்ரர் வரைந்தார். ஜோர்ஜ் லூக்காசின் நிறுவனத்துக்குள் இயங்கிய அந்தக் குழுவே 1986இல் பிரிந்து பிக்சார் ஆயிற்று.

வடலி

மேலே எழுதிய இருவரும் ‘ஈ.ரி.’ படத்தை, மற்றப் படங்களின் வசூலைக் கெடுத்த பகையாளி என்ற அளவில் மட்டும் தொட்டுவிட்டுப் போவது எனக்கு உவப்பாக இல்லை. தம்பி தங்கையரையும் கூட்டிவரும் அவைக்கு முதற் சனிக்கிழமை காட்டவேண்டிய படம் அதுவே.

அதைக் குழந்தைகளுக்கான கண்ணீர்க்கதை என்று ஒதுக்குபவர்கள், ஒளிப்படக்கருவி எங்கே நிற்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. படத்தின் முற்பாதி முழுவதும் அது ஒரு சிறுவனின் கண்மட்டத்தில் நிற்கிறது. தாயைத் தவிர வளர்ந்தவர்கள் எவருடைய முகமும் நமக்குச் சரியாகக் காட்டப்படுவதில்லை. இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தாகவும், கைவிளக்கின் ஒளியாகவும், சப்பாத்துக் கால்களாகவுமே அவர்கள் வருகிறார்கள். வீட்டுக்குள் முன்பின் தெரியாத ஆண்கள் நுழைந்து ஒவ்வோர் அறையாகச் சோதனையிடும்போது, கட்டிலருகே நிற்கும் பிள்ளையின் உயரத்திலிருந்து அது எப்படித் தெரியும் என்பதை நம் ஊர் அவைக்கு விளக்கத் தேவையில்லை. காட்சிகளைக் கதையின் ஒழுங்கிலேயே பெரும்பாலும் படமாக்கினார்கள். ஆகவே ஈற்றில் விடைபெறும்போது அழும் சிறுவர்கள், பல வாரங்கள் கூடவிருந்த ஒன்றைப் பிரியப்போகிறோம் என்பதை உணர்ந்தே அழுகிறார்கள். கார்லோ ரம்பால்டி அந்த வேற்றுக்கோள் உயிரியின் உருவத்தை வடிக்கையில், ஐன்ஸ்ரைன் முதலிய முதியவர்களின் முகங்கள் முன்மாதிரியாக இருந்தன. சில காட்சிகளில் அந்த உடைக்குள்ளிருந்து நடந்தவன், கால்களின்றிப் பிறந்து கைகளால் நடக்கப் பழகிய ஒரு சிறுவன். அந்தத் தள்ளாட்ட நடையின் உண்மை அங்கிருந்து வந்தது.

இனி, நம் தீவோடு தொடர்புள்ள செய்தி. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கைச் சத்யஜித் ராய் சந்தித்தபோது, வங்காளக் கிராமமொன்றின் குளத்தில் விண்கலம் ஒன்று இறங்குவதாகத் தாம் எண்ணியிருந்த கதையைச் சொல்லியிருக்கிறார். குளத்து நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கலத்தின் முனையைப் புதைந்துபோன கோயிலின் கோபுரம் என்று கருதி ஊர்மக்கள் வழிபடத் தொடங்குகிறார்கள். உள்ளே இருக்கும் சிறிய உயிரியோ ஓர் ஏழைச் சிறுவனுடன் மட்டும் நட்பாகிறது. கிளார்க் அதைத் தம் நண்பர் மைக் வில்சனிடம் சொன்னார். இந்த வில்சன், முதலாவது வண்ணச் சிங்களப் படமான ‘ரன்முத்து தூவ’வை இயக்கியவர்; கிளார்க்குடன் சேர்ந்து திருகோணமலைக் கடலில் மூழ்கித் திருக்கோணேஸ்வரத்தின் இடிபாடுகளைக் கண்டவரும் அவரே. அவர் 1967இல் கல்கத்தாவுக்கே சென்று, ராயை ‘த ஏலியன்’ என்ற திரைக்கதையை எழுதவைத்து, ஹொலிவூட்டில் கொலம்பியா நிறுவனம் வரை கொண்டுபோனார். பீற்றர் செல்லர்ஸ் நடிப்பதாகவும் பேசப்பட்டது. பதிப்புரிமைப் பக்கத்தில் வில்சனுடைய பெயரும் சேர்ந்திருப்பதை ராய் அங்கே போன பிறகே கண்டார். பிணக்குகள் முற்றிப் படம் எடுக்கப்படாமலே போயிற்று. படிகள் மட்டும் அமெரிக்காவில் உலாவின.

‘ஈ.ரி.’ வெளிவந்தபோது ஒற்றுமையைச் சுட்டிக்காட்டியவர்களுள் கிளார்க்கும் ஒருவர். உருட்டச்சுப் படிகளாகத் தம் திரைக்கதை அமெரிக்காவெங்கும் பரவியிராவிட்டால் அந்தப் படம் சாத்தியமாகியிராது என்பது ராயின் கருத்து. அந்தத் திரைக்கதை உலாவிய காலத்தில் தாம் உயர்பாடசாலை மாணவன் என்று ‘ஈ.ரி.’யின் இயக்குநர் ஸ்பீல்பேர்க் மறுத்தார். 1946 டிசெம்பரிற் பிறந்தவருக்கு 1967இல் என்ன வயது என்பதைக் கணிதவாத்தியார் அவர்கள் சொல்லட்டும். அதேவேளை, பெற்றோர் பிரிந்த காலத்தில் தாம் கற்பனையில் வளர்த்துக்கொண்ட தோழனே இந்தக் கதையின் வேர் என்று ஸ்பீல்பேர்க் சொல்லி வந்திருப்பதையும், 1977இலேயே அவர் நட்பான வேற்றுக்கோளார் பற்றிப் படமெடுத்துவிட்டார் என்பதையும் மறைக்கக் கூடாது. வழக்கு எதுவும் நடக்கவில்லை. ராய் அதை விரும்பவுமில்லை.

இணுவிலான்

ஒரு சிறு மறுப்பு மட்டும். ‘பிளேட் ரன்னர்’ விளக்கவுரையை ஒட்டுவேலை என்று ஒரே அடியாகத் தள்ளிவிடுகிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடாநாட்டில் மின்சாரமே இல்லாதிருந்தபோது, மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றரைக் கோடிப்புறத்தில் வைத்து, வாடகைக்கு எடுத்த டெக்கில் நாங்கள் பார்த்தது அந்த வடிவத்தைத்தான். படியிலிருந்து படியெடுத்த கசெற். இருட்டுக் காட்சிகளில் முகமே தெரியாது, திரையின் கீழ்ப்பாகத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும். உபதலைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த நிலையில் யார் யாரைத் தேடுகிறார்கள், ஏன் கொல்கிறார்கள் என்பதை எங்களுக்கு விளக்கியது போர்ட்டின் அந்த உற்சாகமற்ற குரல்தான். தெளிவான திரையும் எழுத்தில் வசனமும் கிடைப்பவர்களுக்கு அது வேண்டாத சுமையாக இருக்கலாம். ‘இறுதி வடிவ’த்தைக் காட்டுங்கள், ஆனால் படம் முடிந்தபின் 1982 வடிவத்தின் முதற் பத்து நிமிடத்தையும் போட்டுக்காட்டி, எது மேல் என்று மாணவர்களையே தீர்மானிக்க விடுங்கள். தணிக்கையாளர், தயாரிப்பாளர், இயக்குநர் என்று ஒரு படம் எத்தனை கைகளுக்குள்ளால் போய்வருகிறது என்பதை அந்தப் பத்து நிமிடம் சொல்லிவிடும்.

யாரேனும் ‘மேட் மக்ஸ் 2’ படத்தைப் பரிந்துரைக்கக்கூடும். அமெரிக்காவில் அது 1982இல் ஓடியது என்றாலும் அவுஸ்திரேலியாவில் 1981 டிசெம்பரிலேயே வெளிவந்துவிட்டது. உங்கள் விதிப்படி சேராது. தமிழில் அவ்வாண்டு ஏதாவது உண்டா என்றும் தேடவேண்டாம். எம்.ஜி.ஆர். நடித்து 1963இல் வந்த ‘கலை அரசி’யில், பாட்டுப் பாடத் தெரிந்த பெண்ணைக் கவர்ந்துபோக வேற்றுக்கோளிலிருந்து ஆள் வருவதோடு நம் பங்கை நாம் நீண்ட காலத்துக்கு முடித்துக்கொண்டோம்.

கொக்குவில் வாசகன்

அனைவருக்கும் நன்றி. ‘ஸ்டார் ட்ரெக் 2’ இலிருந்து அந்த ஒரு நிமிடம் மட்டும் என்ற வாத்தியாரின் தீர்வு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முதல் வாரம் ‘ஈ.ரி.’, இரண்டாவது வாரம் ‘ட்ரொன்’, மூன்றாவது வாரம் ‘பிளேட் ரன்னர்’ என்று குறித்துக்கொண்டேன்.

சிக்கல் ‘த திங்’ படத்தில்தான். நிர்வாகசபைத் தலைவர் அதன் முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு, வாசிகசாலையில் இப்படியான கோரக்காட்சிகளைக் காட்டினால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்கிறார். அவருடைய அச்சத்தை நான் பிழையென்று சொல்லமாட்டேன். அந்தப் படம் காட்டத் தகுந்ததுதான் என்று அவரிடம் எடுத்துச்சொல்வதற்கு, இரத்தத்தையும் சதையையும் தாண்டி அதில் என்ன இருக்கிறது என்பதைப் பழைய றீல் ஐயா சற்று விரித்து எழுத முடியுமா?

பழைய றீல்

தலைவரின் கேள்வி நியாயமானது. அமெரிக்காவிலும் அந்தப் படத்துக்கு வளர்ந்தோர்க்குரிய தரச்சான்றுதான் கொடுத்தார்கள். சிறுவர்களை அன்று கூட்டிவரக் கூடாது என்று அறிவித்தலிலேயே எழுதிவிடுங்கள்.

அந்தக் கோரம் எதற்காக என்பதை முதலிற் சொல்கிறேன். அந்தாட்டிக்காவிலுள்ள ஆய்வுநிலையமொன்றில் பன்னிரண்டு ஆண்கள், வெளியே உறைபனி. எந்த உயிரையும் விழுங்கி அப்படியே அதன் உருவை எடுக்கவல்ல ஒன்று அவர்களுக்குள் வந்துவிட்டது. ஜோன் டபிள்யூ. காம்ப்பெல் 1938இல் எழுதிய குறுநாவலை 1951இல் ஒருமுறை படமாக்கியபோது, உருமாறும் அந்தத் தன்மையை விட்டுவிட்டு, உருமாறாத ஒரே ஓர் அரக்கனாகச் சுருக்கினார்கள். 1982 படத்தின் இயக்குநர் ஜோன் கார்ப்பென்ரர் மூலக்கதைக்குத் திரும்பினார். உருமாற்றம் நடக்கும் கணங்களை 22 வயதுடைய ரொப் பொற்றின், கணினி எதுவுமின்றி, இறப்பர், இரசாயனப் பொருள்கள், கம்பி, நீரியல் இயந்திரங்கள் ஆகியவற்றைக் கொண்டு செய்தார். ஓய்வின்றி உழைத்ததால் படப்பிடிப்பு முடிந்ததும் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். வாத்தியார் சொன்ன ‘ட்ரொன்’ படத்தோடு இதை ஒரே மாதத்தில் பார்ப்பது நல்ல வாய்ப்பு. கைவினையின் உச்சமும் கணினியின் முதலடியும் இரண்டு வார இடைவெளியில் வெளிவந்தன.

ஆனால் படத்தின் மிகக் கொடிய பகுதியில் நெடுநேரம் கோரம் எதுவும் இல்லை. மிஞ்சியவர்களைக் கதிரைகளோடு கட்டிவைத்து, ஒவ்வொருவர் விரலையும் கீறி இரத்தத்தைக் கண்ணாடிச் சிறுதட்டில் எடுத்து, பெயர் எழுதி ஒழுங்காக அடுக்குகிறார்கள். பின்னர் தலைவன் செப்புக் கம்பியைத் தீயிற் காய்ச்சி ஒவ்வொரு தட்டாகத் தொடுகிறான். மனித இரத்தமானால் சுர்ரென்று பொரிந்து அடங்கும். மற்றதானால் உயிருள்ளதைப் போலத் தப்பிக்கப் பார்க்கும். கம்பி குளிர்கிறது, மறுபடியும் காய்ச்சப்படுகிறது, அடுத்த தட்டு. கட்டப்பட்டவர்களுள் தான் மனிதன்தான் என்று உறுதியாகத் தெரிந்தவன்கூடத் தன் தட்டின் முறை வரும்போது கண்களை இறுக்க மூடிக்கொள்கிறான். சுற்றிவளைப்பில் வரிசையாக நிறுத்தப்பட்டு, சாக்கினால் முகம் மூடி, தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் நடந்துபோன தலைமுறை நமது தலைமுறை. தலைவருக்கும் என் வயதுதான் இருக்கும் என்று எண்ணுகிறேன். அந்தக் காட்சியை மட்டும் அவருக்குத் தனியே போட்டுக்காட்டுங்கள். நான் எழுதுவதைவிட அது நன்றாக வாதாடும்.

படம் தோற்றதன் விலையைக் கார்ப்பென்ரர் கட்டினார். அடுத்து இயக்கவிருந்த படம் அவர் கையைவிட்டுப் போயிற்று. அந்தத் திறந்த முடிவை மாற்றியிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். இரண்டு பேர் எரிந்துகொண்டிருக்கும் நிலையத்தின் எதிரே இருந்து ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். யார் எவர் என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. திரையிடலுக்குப் பின் கலந்துரையாடல் வைப்பதானால், இந்தப் படத்துக்கு ஒரு மணிநேரம் கூடுதலாக ஒதுக்கிவையுங்கள்.

வடலி

தலைவர் இணங்காவிட்டால் நான்காவது சனிக்கிழமையைப் ‘பிளேட் ரன்னர்’ படத்தின் இரண்டு வடிவங்களுக்கும் கொடுத்துவிடலாம். 117 நிமிடப் படம், பேசுவதற்கு நேரம் வேண்டும். உபதலைப்பு ஆங்கிலத்தில் என்பதால், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கத்தில் தமிழ்க் கதைச்சுருக்கம் அச்சிட்டுக் கொடுங்கள்; முடிவை எழுதாதீர்கள். ‘ஈ.ரி.’க்கும் ராயின் திரைக்கதைக்குமான பக்கத்தை நானே எழுதி வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன். ஸ்பீல்பேர்க்கின் மறுப்பையும் அதிற் சேர்ப்பேன். இடம் போதவில்லை என்று யாரும் அந்தப் பந்தியை வெட்டிவிட வேண்டாம்.

கணிதவாத்தியார்

1967இன் பெரும்பகுதியில் 20 வயது, டிசெம்பரில் 21. ‘ட்ரொன்’ சுருக்கத்தை நான் எழுதுகிறேன். 576 எப்படி வந்தது என்ற கணக்கைப் பின்பக்கத்தில் போட்டுவிடுங்கள்.